பாட்டியின் பசியும் பேரனின் சாபமும்

நமது பங்குகளில் நடைபெறும் குணமளிக்கும் தியானங்களில் சில ஆண்டுகளாக ஓர் அறிவியற் சொல் ஒலிக்கக் கேட்கிறோம். எபிஜெனிட்டிக்ஸ் என்பது அச்சொல். மேல்மரபியல் என்று அதனைத் தமிழாக்குகின்றனர். முன்னோரின் பாவமும் அவர்கள்மீது விழுந்த சாபமும் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகளின் உடலில் இறங்கி வருகின்றன. விடுதலைப் பயண நூல் அன்றே உரைத்த இந்த உண்மையை இன்று ஆய்வுக்கூடங்களும் மெய்ப்பித்துவிட்டன என்று போதகர்கள் முழங்குகின்றனர். முழக்கம் முடிந்ததும் ஒரு தாள் கைக்குக் கை வருகிறது. தாய்வழியில் எத்தனை கருச்சிதைவு, தந்தைவழியில் எத்தனை தற்கொலை, குடிகாரர் யார், மனநோயாளி யார், மாந்திரீகரை நாடியவர் யார், பிற தெய்வங்களுக்குப் பொங்கலிட்டவர் யார் என்று கட்டங்கட்டமாக நிரப்ப வேண்டிய வம்ச அட்டவணை அது. நிரப்பிய தாளை வைத்துச் சாபக்கட்டு அறுக்கப்படுகிறது.

அந்தத் தாளை நிரப்புகிறவர்கள் யாரென்று பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் தாய்மார். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையை மடியில் வைத்திருப்பவர்கள், மும்முறை கரு கலைந்தவர்கள், இருபத்தைந்து வயது மகனுக்குச் சர்க்கரை நோயா என்று கலங்குகிறவர்கள். புகுந்த வீட்டில் "உன் வம்சத்துக் கோளாறு" என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்ட காதுகளுக்கு, அதே தீர்ப்பு இப்போது பீடத்தின் அருகிலிருந்து, அறிவியல் முத்திரையோடு வழங்கப்படுகிறது. அவர்கள் சார்பில் வழக்காடவே இதனை எழுதுகிறோம். இப்போதனை திருச்சபையின் விசுவாசத்துக்கு முரணானது. அது துணைக்கழைக்கும் அறிவியலுக்கும் முரணானது. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நம் உடலில் ஏறத்தாழ 200 வகை உயிரணுக்கள் உள்ளன. கண்வில்லையின் உயிரணு ஒளியை ஊடுருவ விடுகிறது. கல்லீரலின் உயிரணு பித்தநீரைச் சுரக்கிறது. நரம்பின் உயிரணு செய்தியைக் கடத்துகிறது. இவையனைத்தும் தாயின் வயிற்றில் உருவான ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்து பெருகியவை. ஒவ்வொன்றினுள்ளும் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அதில் எழுதப்பட்டிருக்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் கண்ணிலும் கல்லீரலிலும் ஒன்றே. நூல் ஒன்றாயிருக்க, வாசிப்பு மட்டும் எங்ஙனம் வேறாயிற்று?

நம் ஆலயத்து வாசக நூலை நினைத்துப் பாருங்கள். அதில் எல்லா ஞாயிறுகளுக்கும் எல்லாத் திருநாள்களுக்கும் உரிய வாசகங்கள் உண்டு. ஆயினும் இன்று வாசிக்க வேண்டிய இடத்தில்தான் பட்டு நாடா வைக்கப்பட்டிருக்கிறது. உயிரணுவும் அவ்வாறே தன் நூலில் நாடா வைக்கிறது. சில பக்கங்களை ஒட்டியே விடுகிறது. ஒரு கரிம அணுவும் மூன்று நீரக அணுக்களும் சேர்ந்த மீத்தைல் என்னும் சின்னஞ்சிறு தொகுதி டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட எழுத்துகளின் மீது ஒட்டிக்கொள்ளும்போது அங்குள்ள மரபணு பெரும்பாலும் வாய்மூடிவிடுகிறது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின் மீதும் வேறு குறிகள் ஏறுகின்றன. அவற்றுக்கேற்ப இழை இறுகுகிறது அல்லது தளர்கிறது. எழுத்து ஒன்றும் மாறுவதில்லை. எது வாசிக்கப்படும், எது வாசிக்கப்படாது என்பதே மாறுகிறது. எழுத்துக்கு மேலாக நிகழும் இச்செயல்களைப் பற்றிய படிப்புக்கு 1942இல் பெயரிட்டவர் கான்ராட் வாடிங்டன் என்னும் பிரித்தானிய உயிரியலார். கல்லீரல் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, பழைய இழையிலுள்ள மீத்தைல் குறிகளைப் பார்த்துப் புதிய இழையிலும் அவற்றைப் பதிப்பதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. ஆகவேதான் கல்லீரல் கல்லீரலாகவே நீடிக்கிறது.

கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனையை நம் தெருக்களில் பார்க்கிறோம். அது அநேகமாக எப்போதும் பெண்ணாகவே இருக்கும். பெண்ணின் உயிரணுவில் எக்ஸ் நிறத்தூதுகள் இரண்டு. கருவளர்ச்சியின் தொடக்கத்தில் ஒவ்வோர் உயிரணுவும் அவற்றுள் ஒன்றை உறங்க வைத்துவிடுகிறது, எதனை என்பது தற்செயலாகவே அமைகிறது என்று மேரி லயன் என்னும் அம்மையார் 1961இல் விளக்கினார். கறுப்புக்குரியது உறங்கிய இடத்தில் செம்மஞ்சள். செம்மஞ்சளுக்குரியது உறங்கிய இடத்தில் கறுப்பு. தேன்கூட்டிலோ இன்னும் வியப்பு. அரசியும் வேலைக்காரியும் மரபணுவில் வேறுபட்டவை அல்ல. அரசியாகப் போகும் புழுவுக்கு ஊட்டப்படும் உணவு வேறு, அவ்வளவே. மீத்தைல் குறியைப் பதிக்கும் நொதியொன்றைப் புழுக்களில் அடக்கிவிட்டபோது, பெரும்பாலானவை அரசித் தேனீயின் இயல்புகளோடு வளர்ந்தன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டனர். பிறப்பினால் அரசி, பிறப்பினால் வேலைக்காரி என்ற பேச்சு தேன்கூட்டில்கூடச் செல்லாது.

இக்குறிகள் அழியாத எழுத்தா என்றால், அதுவும் இல்லை. ஜான் கர்டன் 1962இல் தவளைத் தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட முட்டையில் வைத்தார். புதுத் தலைப்பிரட்டைகள் பிறந்தன. குடலாகிவிட்ட உயிரணுவுக்குள் முழு உயிரின் ஏடும் அழியாமல் இருந்தது. ஷின்யா யமனாகா 2006இல் எலியின் தோல் உயிரணுவில் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, அதனைக் கருநிலைக்கு ஒப்பான தொடக்கத்துக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டிலேயே மனிதத் தோலிலும் அது கைகூடிற்று. இருவரும் 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மனிதக் கருவை அழித்து ஆய்வு செய்வதைத் திருச்சபை எதிர்த்தபோது, அறிவியலின் பகைவர் என்று நம்மை ஏசியவர்கள் உண்டு. கருவைத் தொடாத வழியொன்று பிறந்ததை நம்மவர்களே இன்னும் அறியாதிருப்பது வேதனை. அது நிற்க. இரத்தத்தில் தோன்றும் சில நோய்களுக்கு, தவறான இடத்தில் ஏறிய மீத்தைல் குறிகளைக் குறைக்கும் அசாசைட்டிடின் என்னும் மருந்து 2004 முதல் பயன்பட்டு வருகிறது. பதிந்த குறியும் பெயர்த்தெடுக்கத் தக்கதே.

இனிப் போதகர்களின் சான்றுகளுக்கு வருவோம். அவர்கள் விரும்பிச் சுட்டுவது யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களைப் பற்றிய ஆய்வு. நியூயார்க்கில் ரேச்சல் யெகுதா தலைமையில் நடந்து 2015இல் வெளிவந்தது அது. முன்னோரின் துயரம் மரபணுவில் ஏறிப் பிள்ளைகளுக்கு வந்தது என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. ஆய்வில் இருந்தவர்கள் எத்தனை பேர்? தப்பியவர்கள் 32, அவர்களுடைய பிள்ளைகள் 22, ஒப்பிடுவதற்கென்று எடுத்துக்கொண்டவர்களோ பெற்றோர் 8, பிள்ளைகள் 9. நம் சிற்றாலயத்தின் நான்கு பெஞ்சுகளில் அடங்கிவிடும் கூட்டம். இன்னொன்றும் உண்டு. மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவில், ஓரிடத்தில், பெற்றோரிடம் மீத்தைல் குறி மிகுந்திருந்தது, பிள்ளைகளிடம் குறைந்திருந்தது. அப்படியே இறங்கி வந்தது என்று எவ்வாறு சொல்வது? பெற்றோர் பட்ட துயரத்தைக் கேட்டும் கண்டும் வளர்ந்த பிள்ளைகள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டாமா? ஆய்வு செய்தவர்களைக் குறைகூற வரவில்லை. தொடக்கநிலை ஆய்வு அவ்வளவில் பயனுடையதே. அதனை எடுத்துச் சாபத்துக்குச் சான்றாக மேடையேற்றியவர்களைத்தான் கேட்கிறோம். மேலும், அம்மக்கள் பாவம் செய்தவர்களா? அவர்களுக்குப் பாவம் செய்யப்பட்டதன்றோ! அட்டவணையின் எந்தக் கட்டத்தில் இதனை எழுதுவது?

உறுதியாக நிற்கும் சான்று பசியைப் பற்றியது. 1944ஆம் ஆண்டின் இறுதியில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஜெர்மானியப் படை தடுத்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவான உணவே கிடைத்தது. 1945 மே மாதம் வரை நீடித்த அந்தப் பசிக் குளிர்காலத்தில் கருவானவர்களை, ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் லைடன் நகர ஆய்வாளர்கள் சோதித்தனர். அதே பாலைச் சேர்ந்த, பசிக்காலத்தில் கருவாகாத உடன்பிறப்புகளோடு அவர்களை ஒப்பிட்டனர். கருவின் வளர்ச்சிக்குத் துணைசெய்யும் ஒரு மரபணுவின் மீது மீத்தைல் குறிகள் குறைந்திருந்தன என்று 2008இல் வெளியிட்டனர். கருவுற்ற தொடக்க நாள்களில் பசியைக் கண்டவர்களிடம் இக்குறைவு இருந்தது. கருக்காலத்தின் இறுதியில் மட்டும் பசியைக் கண்டவர்களிடம் இல்லை. அந்தக் குளிர்காலக் குழந்தைகள் பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் கூடுதலாக ஆளாயினர் என்பதும் பல ஆய்வுகளில் தெரிய வந்தது.

இங்கே ஓர் உண்மையைத் தாய்மார் அறிந்துகொள்வது நல்லது. ஒரு பெண் மகளைக் கருத்தாங்கும்போது, அம்மகளின் சிறு சினைப்பையில், அவள் பிறப்பதற்கு முன்பே, சினைமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாத அளவில் அவற்றின் எண்ணிக்கை அறுபது எழுபது இலட்சத்தை எட்டுகிறது. நாளை பேரனாகப் பிறக்கப்போகும் முட்டையும் அவற்றுள் ஒன்று. ஆகவே பாட்டி பட்டினி கிடந்தபோது அவளுடைய ஓருடலில் மூன்று தலைமுறையும் சேர்ந்து பட்டினி கிடந்தது. பேரனிடம் அதன் சுவடு காணப்பட்டால், அது நேரே பட்ட அடி. நேரே படாத நான்காம் தலைமுறைக்கும் இத்தகைய குறி இறங்கியது என்று மனிதரிடத்தில் இதுவரை ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை. செடிகளில் உண்டு, சில புழுக்களில் உண்டு. பாலூட்டிகளில் அது ஏன் அரிது என்பதற்குக் காரணமும் தெரியும். விந்தும் முட்டையும் கூடிய சில நாள்களுக்குள், தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் வந்த குறிகளில் பெரும்பகுதி துடைத்தழிக்கப்படுகிறது. பின்னர்ப் புதிதாக எழுதப்படுகிறது. அந்தக் கருவில் வருங்காலச் சினைமுட்டைக்கும் விந்துக்கும் மூலமான உயிரணுக்கள் தோன்றும்போது, இரண்டாம் முறையும் துடைப்பு நடைபெறுகிறது. ஏறத்தாழ நூறு மரபணுக்கள் முதல் துடைப்பில் தப்பி நிற்கின்றன. இரண்டாம் துடைப்பில் அவையும் அழிந்து, ஆணுக்கோ பெண்ணுக்கோ ஏற்றவாறு மீண்டும் எழுதப்படுகின்றன. துடைப்பு முழுமையானதென்று எந்த அறிவியலாரும் சொல்லவில்லை. ஆயினும் பெருவிதி துடைப்பே, தப்புவது விதிவிலக்கு. விதிவிலக்கை விதியாக்கி, அதன்மேல் சாபக் கோட்டையைக் கட்டியிருக்கின்றனர் நம் போதகர்கள்.

இதைப் படித்ததும் வேறொரு போதகர் புறப்பட்டு, "கருவில் குறிகள் துடைக்கப்படுவதே திருமுழுக்கின் முன்னடையாளம்" என்று மேடையேறக்கூடும். அவரையும் வேண்டிக்கொள்கிறோம்: வேண்டாம். மெண்டல் துறவி பிர்னோ மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை எண்ணி 1866இல் கட்டுரை வெளியிட்டபோது, அதில் மறையுரை எதனையும் சேர்க்கவில்லை. மீத்தைல் தொகுதி அருளுக்கும் சான்றாகாது, சாபத்துக்கும் சான்றாகாது.

விசுவாசம் என்ன சொல்கிறது? விடுதலைப் பயண நூலின் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரத்தை ஏன் திறப்பதில்லை? தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றதற்குப் பிள்ளைகளின் பல் கூசுவதாகச் சொல்லும் பழமொழியை இனி இசுரயேலில் எவரும் வழங்கக் கூடாதென்று ஆண்டவர் ஆணையிடுவதும், மகனின் குற்றம் மகனுக்கே தந்தையின் குற்றம் தந்தைக்கே என்று இறைவாக்கினர் எடுத்துரைப்பதும் அங்கேதான். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கேட்ட கேள்வி, நம் வம்ச அட்டவணையின் கேள்விதான். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. சேற்றைப் பூசிக் கண்ணைத் திறக்கலானார். பிறப்புநிலைப் பாவம் இருக்கிறதே என்பர். இருக்கிறது. அது ஆதாமின் மக்கள் அனைவருக்கும் பொதுவானது. உன் பாட்டிக்கென்று தனியாக ஒன்று கிடையாது. திருமுழுக்கில் அது கழுவப்படுகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்ததை மறந்துவிட்டோமா? கழுவியபின்னும் கட்டு மிச்சமிருக்கிறது என்பவர், அருள்சாதனத்தையே அரைகுறை என்கிறார்.

இது நமது சொந்தக் கருத்தன்று. வம்ச மரத்தைக் குணமாக்கும் இவ்வழக்கத்தைப் பரப்பியது ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த கெனத் மக்கால் என்னும் மனநல மருத்துவர் 1982இல் எழுதிய நூல். பிரான்சு நாட்டு ஆயர்கள் 2007இல் இதனை எதிர்த்துக் கோட்பாட்டுக் குறிப்பு வெளியிட்டனர். போலந்து ஆயர்கள் 2015இல் இத்தகைய திருப்பலிகளையும் வழிபாடுகளையும் தடைசெய்தனர். ஸ்பெயின் ஆயர் பேரவையின் கோட்பாட்டு ஆணைக்குழு 2024இன் பிற்பகுதியில் மீண்டும் எச்சரித்தது. அந்நாடுகளில் வாசல் சாத்தப்பட்ட சரக்கு, நம் தியான மண்டபங்களில் புதுச்சரக்காக விற்பனையாகிறது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்து மக்களிடம் இதனை விற்பதில் இரட்டைக் கொடுமை உண்டு. ஆவூரில் மறைப்பணியாளர்கள் தளம் அமைத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. அதற்கு முன்னும் நமக்குப் பாட்டனார் இருந்தனர். அவர்கள் அய்யனாருக்கு மண்குதிரை எடுத்தவர்கள்; கண்மாய்க் கரையில் பொங்கலிட்டு மழை கேட்டவர்கள். குளமங்கலத்துப் பெரிய குதிரையைக் கடந்து செல்லும் பேருந்தில் நம் பிள்ளைகள் இன்றும் பள்ளிக்குப் போகின்றனர். அந்தப் பாட்டனாரின் வழிபாடே உன் பிள்ளையின் நோய்க்கு வேர் என்று சொல்கிறவர், 1965இல் பிற சமயங்களைப் பற்றிச் சங்கத் தந்தையர் மதிப்போடு பேசியதை அறியாதவர்; நம் மூதாதையரையும் அவமதிக்கிறவர். பக்கத்து வீட்டு இந்து சகோதரர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்ற கூச்சம்கூட இல்லை.

மூதாதையர் விட்டுச்சென்றது பசிதான். வானம் பார்த்த பூமி இது. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொன்ன 1876-78 பஞ்சத்தில் தென்னிந்தியா எங்கும் மக்கள் மடிந்தனர். அந்தப் பஞ்சத்தின் குறி இன்றும் நம் டி.என்.ஏ.யில் இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் நாமும் அந்தப் போதகர்களின் வரிசையில் நிற்போம். தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தவை நிலமின்மையும் அரைக்கூலியும் சாதியும். ஒவ்வொரு தலைமுறைத் தாயையும் அவை புதிதாகப் பட்டினி போட்டன. ஆய்வுக்கூடக் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு அது பரம்பரை நோய்போலவே தோன்றும்.

புனே நகரத்துக் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 1993இல் சுற்றுவட்டாரக் கிராமத் தாய்மாரிடம் ஆய்வைத் தொடங்கினார். அவர்களுடைய குழந்தைகள் சராசரி 2.7 கிலோ எடையில் பிறந்தன. இங்கிலாந்துக் குழந்தைகளோ ஏறத்தாழ 3.5 கிலோ. ஆயினும் நம் குழந்தையின் மெலிவு தசையில்தான். கொழுப்பு அந்த அளவு குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்து, உள்ளுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இவ்வுடல் பின்னாளில் சர்க்கரை நோய்க்கு எளிதில் இரையாகிறது. அத்தாய்மாரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 உயிர்ச்சத்து குறைந்திருந்தது. இதுதான் நம் பொருளின் மையம். உயிரணு தன் நூலில் வைக்கும் மீத்தைல் குறி வானத்திலிருந்து விழுவதில்லை. கீரையிலும் பயறிலும் உள்ள ஃபோலேட்டும், பாலிலும் முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும் உள்ள பி12உம் சேர்ந்துதான் அதனை உயிரணுவுக்கு ஆயத்தப்படுத்தித் தருகின்றன. தட்டில் இல்லாதது கருவிலும் இல்லை. இருபத்தைந்து வயதில் மகனுக்கு வந்த சர்க்கரை நோய்க்கு வேர் தேடும் அன்னையே, உன் தாயார் எந்தக் கோவிலுக்குப் போனார் என்று கேட்கிறவரிடம், உன்னைச் சுமந்தபோது அவர் என்ன சாப்பிட்டார் என்று ஏன் கேட்கவில்லை என்று திருப்பிக் கேள்.

பிறப்பைச் சாபமாக்கும் வாதத்தை இம்மண்ணின் மகளொருத்தி நூற்றாண்டுக்கு முன்பே தோற்கடித்தாள். முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். தந்தையார் நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வராயிருந்தவர். 1904இல் அக்கல்லூரியில் பெண்ணொருத்தி சேர்வதா என்ற எதிர்ப்போடு, இன்ன வம்சத்துப் பெண்ணா என்ற எதிர்ப்பும் சேர்ந்து எழுந்தது. தொண்டைமான் மன்னர் அதனை மீறி இடமளித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்தார். பெண்குழந்தையைப் பிறப்பின் பெயரால் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அவர் நடத்திய போராட்டம் 1947இல் சட்டமாயிற்று. உடன்பிறந்த தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்டவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். தன் வகையை மறந்து கட்டின்றிப் பெருகும் உயிரணுவே புற்று. அவருக்கு யாராவது வம்ச அட்டவணை கொடுத்திருந்தால் எத்தனை கட்டங்களில் அவருடைய தாயாரின் பெயரை எழுதச் சொல்லியிருப்பார்கள்!

இரத்தம் பேசும் என்ற நம்பிக்கை நம்மிடையே சாகவில்லை. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் எழுப்பப்பட்ட சுவர்கள் அந்த நம்பிக்கையால் கட்டப்பட்டவை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தபோது, அதற்கு முன்பே குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்றிருந்தனர். குற்றவாளியைக் கண்டறியப் பலரிடம் டி.என்.ஏ. சோதனைக்கு இரத்தம் எடுத்தனர். அவ்வழக்கைப் பற்றித் தீர்ப்புரைக்க நாம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வோம். இவ்வுயிரணு இன்னாருடையது என்று டி.என்.ஏ. கூறலாம், மேலோர் இவர், கீழோர் இவர் என்று அதில் எங்கும் எழுதியில்லை. அக்குழந்தைகளின் நோய்க்குக் காரணம் அவர்களுடைய பாட்டனாரும் அல்லர்.

சாபக்கட்டு அறுக்க நாம் செலவிடும் நேரத்தையும் பணத்தையும் எங்கே திருப்புவது என்று கேட்கலாம். முத்துலட்சுமி அம்மையாரின் பெயராலேயே தமிழக அரசு மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய். பேரீச்சம்பழமும் நெய்யும் சத்துமாவும் இரும்புச்சத்து மருந்தும் அடங்கிய பெட்டகமும் அதில் சேர்ந்தது. நல்ல திட்டம். நம் பங்கில் எத்தனை கர்ப்பிணிகள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அன்பியக் கூட்டங்களில் கேட்டுப் பார்த்தோமா? ஆயினும் அத்திட்டம் கருவுற்றது தெரிந்த பிறகே தொடங்குகிறது. குறிகள் துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுவதோ கருவுற்ற முதல் நாள்களில். பெண் தன் நிலையை அறியுமுன்பே. அந்நாள்களுக்கு வேண்டிய சத்து அவளுடைய உடலில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். அவர்களுள் பதின்வயதினர் பலர் நம் திருச்சபை நடத்தும் பள்ளிகளில் பயில்கிறார்கள், விடுதிகளில் தங்குகிறார்கள். அவ்விடுதிகளின் சமையற்கட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் கீரை, எத்தனை முட்டை, எவ்வளவு பால் என்ற கணக்கு ஒரு தாளில் அடங்கிவிடும். வம்ச அட்டவணை அச்சிடும் செலவில் அத்தாளை அச்சிட்டு, அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் வைக்குமாறு நம் பங்குத்தந்தையரைக் கேட்டுக்கொள்கிறோம்.